நச்சுப் பொய்கையின் காவலன்



ஆண்டுக்கு ஒருமுறை தமிழ்க் கதை ஒன்றையும் பிறநாட்டுக் கதை ஒன்றையும் சேர்த்து வைத்துப் பேச வேண்டும், பேச்சு இந்த வட்டாரத்து மண்ணைத் தொட வேண்டும் என்பது இந்தக் கல்லூரிச் சொற்பொழிவை நடத்தும் அறக்கட்டளையின் விதி. நான் எடுத்துக்கொண்டது மறுவுலகின் அரசனை. வேல்ஸ் நாட்டுப் பழங்கதையில் அவன் பெயர் ஆரவ்ன். அவன் ஆளும் நாடு அன்னூன். நம் கதையில் அவன் எமதருமன். ஆம்பூரில், தோல் பதனிடும் டேனரிகளுக்கும் ஷூ கம்பெனிகளுக்கும் நடுவில் நின்று இதைப் பேச என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் நினைக்கலாம். நிறைய இருக்கிறது என்றே நம்புகிறேன்.

முதலில் வேல்ஸ் கதை. மபினோகி எனப்படும் கதைத் தொகுதியின் முதல் கிளையில் அது வருகிறது. 14ஆம் நூற்றாண்டின் நடுவில் எழுதப்பட்ட ரத்தெர்க் வெள்ளைச் சுவடியிலும், அந்த நூற்றாண்டின் இறுதியை ஒட்டி எழுதப்பட்ட ஹெர்கெஸ்ட் செஞ்சுவடியிலும் முழுமையாகக் கிடைக்கிறது. கதை அவற்றைவிடப் பழையது.

டவெத் நாட்டு இளவரசன் புயில். கீக் பள்ளத்தாக்குக்கு வேட்டைக்குப் போகிறான். தன் ஆட்களைப் பிரிந்து, வேட்டை நாய்களின் குரலைத் தொடர்ந்து போகையில் வேறொரு நாய்க்கூட்டத்தின் குரைப்பு எதிரே கேட்கிறது. காட்டுக்குள் ஒரு வெட்டவெளி. அங்கே ஒரு கலைமானை அந்த வேற்று நாய்கள் வீழ்த்துகின்றன. கண் கூசும் வெள்ளை உடம்பு, சிவந்த காதுகள். அப்படிப்பட்ட நாய்களை அவன் கண்டதே இல்லை. கண்டும் அவற்றை விரட்டிவிட்டு, விழுந்த மானின் மேல் தன் நாய்களை ஏவுகிறான். அந்த நேரத்தில் சாம்பல் நிறக் குதிரையில், சாம்பல் நிற உடையில், கழுத்தில் ஊதுகொம்போடு ஒருவன் வருகிறான். நீ யாரென்று எனக்குத் தெரியும், ஆனால் உனக்கு வணக்கம் சொல்ல மாட்டேன் என்கிறான். ஏன் என்று புயில் கேட்க, அடுத்தவன் நாய் பிடித்த மானுக்கு உன் நாயை விட்டாயே, அதைவிடப் பெரிய மரியாதைக்கேடு உண்டா என்கிறான். வந்தவன் ஆரவ்ன், அன்னூனின் அரசன்.

இந்த இடத்தில் கதைசொல்லி செய்வதைக் கவனியுங்கள். மறுவுலக அரசனின் கையில் மின்னல் இல்லை, பாசக்கயிறு இல்லை. உன்னைப் பழிவாங்க மாட்டேன், நூறு மான் மதிப்புக்கு உன் பேரைக் கெடுப்பேன் என்கிறான். புயில் தலை குனிகிறான். செய்த தவறுக்கு உங்கள் தகுதிக்கு ஏற்ற ஈடு தருகிறேன், என்ன ஈடு வேண்டும் சொல்லுங்கள் என்கிறான். சாபமும் மன்றாட்டும் இல்லாமல் இருவரும் ஈட்டைப் பற்றிப் பேசி முடிக்கிறார்கள்.

அந்த ஈடு இது. அன்னூனில் ஆரவ்னோடு ஓயாமல் சண்டையிடும் இன்னொரு அரசன் இருக்கிறான், ஹவ்கன். புயில் ஆரவ்னின் உருவத்தை எடுத்து ஓராண்டு அன்னூனை ஆள வேண்டும். ஆரவ்ன் புயிலின் உருவத்தில் டவெத்தை ஆள்வான். ஆண்டு முடியும் இரவில் ஓர் ஆற்றுத் துறையில் ஹவ்கனோடு பொருத வேண்டும். ஒரே ஓர் அடி. வீழ்ந்தவன் கெஞ்சினாலும் இரண்டாம் அடி கூடாது, அடித்தால் பிழைத்துக்கொள்வான்.

புயில் போகிறான். மறுவுலகம் இருட்டாக இல்லை. அழகான மாளிகை, பாட்டு, விருந்து, நல்ல பேச்சு. ஆரவ்னின் அரசி தன் கணவன் என்று எண்ணி இவனோடு ஒரே படுக்கையில் இருக்கிறாள். புயில் ஓராண்டு முழுதும் ஒவ்வோர் இரவும் முகத்தைத் திருப்பிக்கொண்டு படுக்கிறான். ஆற்றுத் துறையில் ஒரே அடியோடு நிறுத்துகிறான். நாடு திரும்பியதும் அவன் செய்த முதல் வேலை, தன் பெரியோரைக் கூட்டி, போன ஆண்டு என் ஆட்சி எப்படி இருந்தது என்று கேட்டது. இதற்குமுன் உங்களிடம் இவ்வளவு கனிவையும் நேர்மையையும் நாங்கள் கண்டதில்லை என்கிறார்கள் அவர்கள். ஆட்சி செய்தவன் வேறொருவன் என்ற உண்மையைப் புயில் மறைக்காமல் சொல்கிறான். அப்படியானால் அந்த ஆட்சியை எங்களிடமிருந்து எடுத்துவிடாதீர்கள் என்று குடிகள் கேட்க, எடுக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்கிறான். மறுவுலக அரசனிடம் ஆளக் கற்றுக்கொண்ட இந்த மண்ணுலக அரசனுக்கு அதன்பின் அன்னூனின் தலைவன் என்றே பட்டப்பெயர் வந்தது.

இனி நம் கதை. வனவாசத்தின் கடைசி நாட்கள். அந்தணர் ஒருவரின் தீக்கடையும் அரணிக்கட்டை ஒரு மானின் கொம்பில் சிக்கிக்கொள்ள, மான் காட்டுக்குள் ஓடிவிடுகிறது. பாண்டவர் ஐவரும் துரத்துகிறார்கள். மான் மறைகிறது, தாகம் வாட்டுகிறது. நகுலன் மரத்தில் ஏறிப் பார்த்து நீர்நிலை ஒன்றைக் காண்கிறான். தண்ணீர் கொண்டுவரப் போனவன் திரும்பவில்லை. சகாதேவன் போகிறான், அருச்சுனன் போகிறான், வீமன் போகிறான். கரையில் ஒரு குரல் எல்லோருக்கும் ஒன்றையே சொல்கிறது: இந்தப் பொய்கை என்னுடையது, என் கேள்விகளுக்கு விடை சொல், பிறகு குடி. நால்வரும் கேட்கவில்லை. குடித்தார்கள், விழுந்தார்கள். தருமர் மட்டும் தாகத்தை அடக்கி நின்று விடை சொல்கிறார்.

வியாசரின் பாரதத்தில் கரையில் நிற்பவன் இயக்கன், உருவம் களைந்தால் தரும தேவதை. தமிழ் மரபில் அவன் எமதருமனேதான், தருமரின் தந்தை. வில்லிபுத்தூரார் ஆரணிய பருவத்தில் இதற்கென ஒரு சருக்கமே வைத்தார், நச்சுப் பொய்கைச் சருக்கம் என்று. அவர் கதையை ஒரு படி மேலே கொண்டுபோகிறார். துரியோதனன் ஏவலால் காளமாமுனிவர் ஒரு வேள்வி செய்து பாண்டவரைக் கொல்லப் பூதம் ஒன்றை எழுப்புகிறார். மகனையும் அவன் தம்பியரையும் காக்க எமன் பொய்கையை நஞ்சாக்குகிறான். பூதம் வந்து பார்க்கும்போது தம்பியர் உயிரற்றுக் கிடக்கிறார்கள். செத்தவர்களைக் கொல்லவா என்னை அனுப்பினாய் என்று திரும்பிப் போய், ஏவிய முனிவரையே முடித்துவிடுகிறது. எமன் கலந்த நஞ்சு காக்க வந்த நஞ்சு, தன் வேலை முடிந்ததும் நீங்கிவிட்ட நஞ்சு.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தால் உடல் சிலிர்க்கிறது. இரண்டிலும் அரச குலத்தார் மானைத் துரத்துகிறார்கள். இரண்டிலும் கூட்டத்தைப் பிரிகிறார்கள். இரண்டிலும் பிறர்க்கு உரியதைக் கேட்காமல் தொடுகிறார்கள், ஒருவன் மானை, மற்றவர் நீரை. இரண்டிலும் மறுவுலகின் அரசன் உரிமையாளனாக எதிரே வந்து நிற்கிறான். ஒன்றைப் பார்த்து மற்றொன்று எழுந்தது என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்ல ஆதாரம் இல்லை. மனிதர்கள் எங்கே வாழ்ந்தாலும், நாம் எடுத்துக்கொள்ளும் ஒவ்வொன்றுக்கும் நம் கண்ணுக்குத் தெரியாத சொந்தக்காரன் ஒருவன் உண்டு என்ற உணர்வு அவர்களுக்கு இருந்திருக்கிறது.

நாய்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். இருக்கு வேதத்தின் பத்தாம் மண்டலத்தில் எமனுக்கு இரண்டு நாய்கள், சரமையின் குட்டிகள், நான்கு கண் கொண்டவை, வழியைக் காப்பவை. அங்கே எமன் சாவின் வழியை முதலில் கண்டு நடந்து, பின்வருவோர்க்கு இடம் அமைத்தவன். மனிதர்களில் மூத்தவன் என்ற மரியாதை அவனுக்கு. பாரதத்தின் கடைசியில் விண்ணுலக வாயில் வரை தருமரின் பின்னால் வரும் நாயும் தரும தேவதைதான். நாயை விட்டுவிட்டு வா என்று இந்திரன் சொல்ல, தருமர் மறுக்கிறார். தகப்பன் மகனை மீண்டும் சோதிக்கிறான், முதல்முறை தண்ணீரை வைத்து, இம்முறை நாயை வைத்து.

இந்த எமன் தவறே செய்யாதவனும் அல்லன். மாண்டவியர் என்ற முனிவர் செய்யாத குற்றத்துக்குக் கழுவில் ஏற்றப்பட்டார். எமன் அவைக்குப் போய், எதற்காக எனக்கு இந்தத் தண்டனை என்று கேட்டார். சிறுவயதில் பூச்சிகளைப் புல்லால் குத்தினாய் என்றான் எமன். அறியாப் பருவத்துச் சிறுதவற்றுக்கு இத்தனை பெரிய தண்டனையா என்று சினந்த மாண்டவியர், நீ மண்ணில் பணிப்பெண் வயிற்றில் பிற என்று சபித்தார். அந்தப் பிறவிதான் விதுரர். பதினான்கு வயதுக்குள் செய்தது குற்றமாகக் கொள்ளப்படாது என்ற வரம்பையும் முனிவர் விதித்தார். நீதிபதியே தண்டனையின் அளவு பிசகினால் பதில் சொல்லியாக வேண்டும் என்று இவ்வளவு துணிவாகச் சொன்ன கதைகள் உலகில் அதிகம் இல்லை.

பழைய வட ஆற்காட்டில் திரௌபதி அம்மன் கோயிலைத் தருமராசா கோயில் என்று சொல்லும் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கோடையில் அக்கினி வசந்த விழா. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் கூத்து, அருச்சுனன் தபசு மரம், மண்ணால் செய்த துரியோதனன் படுகளம், இறுதியில் தீமிதி. விழா முழுதும் கொலுவிருப்பவர் எமனின் மகன். மாசி மாதத்தில் சிவராத்திரி கழிந்த அமாவாசையன்று வேலூரில் அங்காள பரமேசுவரியைப் பாலாற்றங்கரைச் சுடுகாட்டுக்கு ஊர்வலமாகக் கொண்டுபோய் மயானக்கொள்ளை நடத்துகிறோம். இந்த வட்டாரத்தில் மறுவுலகின் வாசல் ஆற்றங்கரையில் இருக்கிறது. பாலாற்றின் மணலில்தான் தெய்வமும் பிணமும் சந்திக்கின்றன.

அந்தப் பாலாற்றுக்கு வருகிறேன். கர்நாடகத்தில் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரத்தைத் தொட்டு, வாணியம்பாடி, ஆம்பூர், வேலூர், இராணிப்பேட்டை கடந்து வயலூர் அருகே கடலில் சேரும் ஆறு. 1903 நவம்பரில் வாணியம்பாடியை மூழ்கடித்தது, 2021 நவம்பரில் மீண்டும் இரு கரையும் தழுவி ஓடியது. மற்ற நாட்களில் மேலே மணல்தான். ஆனால் மணலுக்கு அடியில் நீர் ஓடும். மணலில் ஊற்றுக்கால் வெட்டி ஏரிகளுக்கும் வயல்களுக்கும் நீர் கொண்டுபோனது இந்தப் பள்ளத்தாக்கின் பழைய அறிவு. தென்னையும் நெல்லும் அந்த ஊற்றை நம்பி வளர்ந்தன.

தோல் தொழிலும் அந்த நீரை நம்பித்தான் வந்தது. முன்பு ஆவாரம்பட்டையும் கடுக்காயும்தான் பதனிடும் சரக்கு. பட்டைச் சாற்றில் ஊறிப் பழுப்பேறிய தோல் சென்னைத் துறைமுகம் வழியாக வெளிநாடு போனது. 1970களில் பச்சைத் தோலையும் அரைகுறையாகப் பதனிட்ட தோலையும் ஏற்றுமதி செய்வதற்கு அரசு கட்டுப்பாடு விதித்து, முழுப் பொருளாக ஏற்றுமதி செய்ய ஊக்கம் கொடுத்தபோது குரோம் முறை பெருகியது. நாட்கணக்கில் ஊற வேண்டிய தோல் டிரம்மில் சில மணி நேரத்தில் பதமாகியது, நீல நிறத்தில் வெட் ப்ளூவாக வெளியே வந்தது. வேலை பெருகியது, வீடுகள் எழுந்தன, ஷூ கம்பெனிகளில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சேர்ந்தார்கள். அந்தச் சம்பளத்தில் படித்த பிள்ளைகள் இந்த அரங்கிலேயே உட்கார்ந்திருக்கிறார்கள். தொழில் வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனமும் இல்லை, உரிமையும் இல்லை.

ஆனால் பொய்கையின் கரையில் ஒரு குரல் கேட்டது, யாரும் நிற்கவில்லை. தோல் கெடாமல் இருக்கப் போடும் உப்பு, மயிர் நீக்கும் சுண்ணாம்பும் சல்பைடும், பிறகு குரோமியம் எல்லாம் வாய்க்கால் வழியாக ஆற்றுக்கும் ஏரிக்கும் போயின. ஒரு கிலோ தோலுக்கு ஏறத்தாழ 35 லிட்டர் தண்ணீர் என்பது நீதிமன்றத் தீர்ப்பிலேயே பதிவான கணக்கு. கிணற்று நீர் உவர்த்தது. தென்னையின் காய் சிறுத்தது. நெல் வயலில் உப்புப் பூத்தது. மேற்பரப்பில் நீரே இல்லாத ஆறு ஆகையால், கழிவை அடித்துக்கொண்டு போக வெள்ளமும் இல்லை. அது அப்படியே இறங்கி ஊற்றில் கலந்தது.

கேள்வி கேட்க வேலூர்க் குடிமக்கள் சிலர் எழுந்தார்கள். வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991இல் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. 1996 ஆகஸ்டு 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்புச் சொன்னது. ஏறத்தாழ 35,000 எக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ பயிர் செய்யத் தகுதியற்றுப் போயிற்று என்ற வேளாண் பல்கலைக்கழக ஆய்வைத் தீர்ப்பு எடுத்துக்கொண்டது. கெடுத்தவரே செலவேற்க வேண்டும், கேடு வருமுன் காக்க வேண்டும் என்ற இரண்டு நெறிகளும் இந்த நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. ஒவ்வொரு டேனரிக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதித்தது. இழப்பீட்டைக் கணக்கிட ஓர் ஆணையம் அமைக்கச் சொன்னது. இந்தியா முழுவதும் சட்டக் கல்லூரி மாணவர் படிக்கும் தீர்ப்பு நம் ஊர்ப் பெயரில் இருக்கிறது. அதற்காக நாம் பெருமைப்படலாம், அந்த வழக்குக்குக் காரணமான நிலத்தை நினைத்து அழவும் செய்யலாம்.

ஆணையம் 2001இல் தன் கணக்கைத் தந்தது: 186 கிராமங்கள், 29,193 பேர், ஏறத்தாழ 15,164 எக்டேர், இழப்பீடு 26.82 கோடி ரூபாய். பணம் சரிவரப் போய்ச் சேரவில்லை, நஞ்சும் நிற்கவில்லை. வழக்கு மீண்டும் உச்ச நீதிமன்றத்தில் ஏறி, 2025 ஜனவரி 30 அன்று இன்னொரு தீர்ப்பு வந்தது. விடுபட்டோர் அனைவருக்கும் அரசு இழப்பீடு கொடுத்துவிட்டுக் கெடுத்தவர்களிடமிருந்து வசூலித்துக்கொள்ள வேண்டும், ஓய்வு பெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையில் ஒரு குழு கண்காணிக்க வேண்டும் என்று அது சொன்னது. 1991இல் வழக்குப் போட்டபோது கைக்குழந்தையாக இருந்தவருக்கு இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளை இருக்கலாம். ஆரவ்னுக்கு எதிரே புயில் ஈட்டை அன்றே ஒப்புக்கொண்டான், ஓராண்டில் தீர்த்தான்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இன்று பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் இயங்குகின்றன. கழிவுநீரைச் சவ்வுகளின் வழியே அழுத்தி வடித்து, நீரைத் திரும்பப் பயன்படுத்தி, ஒரு சொட்டும் வெளியே விடக் கூடாது என்ற முறைக்குப் பல தொழிற்சாலையார் பெருஞ்செலவு செய்து மாறினார்கள். வற்றக் காய்ச்சி எஞ்சும் கலப்பு உப்பை என்ன செய்வது என்ற சிக்கல் இன்னும் தீரவில்லை, அது மூட்டைகளாகக் கிடங்குகளில் இருக்கிறது. இராணிப்பேட்டையில் மூடப்பட்ட குரோமேட் ஆலையின் கழிவு மலையாகக் குவிந்து கிடந்ததால் 2006இல் உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களில் ஒன்றாக அந்த ஊரை ஓர் அமெரிக்க நிறுவனம் பட்டியலிட்டது. பாலாற்றங்கரை ஊர்களுக்குக் குடிக்கக் காவிரித் தண்ணீர் மேட்டூர்ப் பக்கத்திலிருந்து குழாயில் வருகிறது. நகுலன் இன்று மரத்தில் ஏறிப் பார்த்தால் அருகில் பொய்கை தென்படாது, குழாய்தான் தென்படும்.

இப்போது வேல்ஸுக்கு ஒருமுறை திரும்புகிறேன். மபினோகிக் கதைகளை ஆங்கிலத்தில் பெயர்த்து 1838 முதல் 1849 வரை வெளியிட்டவர் சார்லட் கெஸ்ட் என்ற பெண்மணி. அவர் இருந்தது மெர்த்தர் டிட்வில் நகரின் அருகே டவுலைஸ் என்ற ஊரில். கணவர் அங்கே பெரிய இரும்பு ஆலையின் உரிமையாளர். உலைக்களத்தின் புகைக்கும் கசடுக்கும் நடுவே உட்கார்ந்து, அன்னூன் அரசனின் வெள்ளை நாய்களைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தார். அந்த நகரிலிருந்து சில மைல் தெற்கே அபெர்வான் என்ற சுரங்கக் கிராமம். 1966 அக்டோபர் 21 காலை, மலைமேல் ஊற்றின் மீது கொட்டி வைத்திருந்த நிலக்கரிக் கழிவுக் குவியல் சரிந்து பள்ளிக்கூடத்தின் மேல் விழுந்தது. 144 பேர் இறந்தார்கள், அவர்களில் 116 பேர் குழந்தைகள். மிஞ்சியிருந்த குவியல்களை அகற்றும் செலவுக்கு, இறந்த பிள்ளைகளின் குடும்பங்களுக்கென மக்கள் அனுப்பிய நிதியிலிருந்தே 1,50,000 பவுண்டை அரசு எடுத்தது. அந்தத் தொகை திரும்பி வந்தது 1997இல்.

நம் பக்கத்திலும் அப்படி ஒன்று நடந்தது. இராணிப்பேட்டை சிப்காட்டில் 2015 ஜனவரி 31 அதிகாலை, தோல் கழிவுச் சுத்திகரிப்பு நிலையத்தின் சேற்றுத் தொட்டிச் சுவர் இடிந்தது. பக்கத்துத் தொழிற்கூடத்தில் தூங்கிக்கொண்டிருந்த தொழிலாளர்கள் மேல் சேறு பாய்ந்து 10 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் மேற்கு வங்கத்திலிருந்து பிழைக்க வந்தவர்கள். அவர்களின் பெயர்களை இந்த வட்டாரத்தில் எத்தனை பேர் அறிவோம்? அபெர்வானில் கல்லறைத் தோட்டத்தில் வெண்ணிற வளைவுகள் வரிசையாக நிற்கின்றன, ஆண்டுதோறும் ஊர் கூடுகிறது. நமக்கும் அப்படி ஒரு கல் வேண்டும். இதை வேண்டுகோளாக அல்ல, கடமையாகவே சொல்கிறேன்.

இறப்பின் வாசலில் யாரை நிறுத்தினோம் என்பதையும் இந்த வட்டாரத்தில் மறைத்துப் பேச முடியாது. செத்த மாட்டை அகற்றுவதும், தோலை உரிப்பதும், அதே தோலில் பறை கட்டிச் சாவுக்கு அடிப்பதும், குழி வெட்டுவதும் ஒரு சாதியார் தலையில் விதிக்கப்பட்டன. எமனின் வாகனம் எருமை. அந்த எருமையின் தோலைத் தொட்டவரை ஊருக்கு வெளியே வைத்தோம். எமன் அவையில் சாதி கேட்கப்படுவதில்லை என்று பிரசங்கம் கேட்டுவிட்டுத் திரும்பும் வழியில் சேரியைச் சுற்றிக்கொண்டு போனோம். இன்றும் டேனரிக் கழிவுத் தொட்டிக்குள் இறங்கி நச்சு வாயுவில் மூச்சடைத்து இறப்பவர் யார் என்று பாருங்கள். பெரும்பாலும் அதே குடியிருப்புகளின் பிள்ளைகள். 2013இன் சட்டம் மனிதரைக் கழிவுக்குள் இறக்குவதைத் தடை செய்த பிறகும் இது நடக்கிறது.

இந்த ஊரின் பெரும்பகுதி இஸ்லாமியச் சகோதரர்களுடையது. அவர்கள் நம்பிக்கையில் உயிரைக் கைப்பற்றுபவர் மலக்குல் மவ்த் என்ற வானவர், அவர் இறைவனின் ஏவலர். மனிதர் மூன்றில் கூட்டாளிகள், நீர், மேய்ச்சல், நெருப்பு என்று நபிகள் நாயகம் சொன்னதாக ஒரு நபிமொழி உண்டு. இன்னொன்றை நான் மிகவும் நேசிக்கிறேன். தாகத்தோடு நடந்த ஒருவர் கிணற்றில் இறங்கி நீர் குடித்து மேலே வந்தார். அங்கே தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்தது ஒரு நாய். மறுபடி இறங்கித் தம் தோல் காலுறையில் நீர் நிரப்பி, அதை வாயால் கவ்விக்கொண்டு ஏறி வந்து நாய்க்குப் புகட்டினார். இறைவன் அவர் பிழைகளை மன்னித்தான். தோல், கிணறு, நாய் மூன்றும் ஒரே கதையில். ஆம்பூரின் தோல் வணிகர் வீட்டில் இந்த நபிமொழியைக் கேட்டு வளராத பிள்ளை இருக்காது என்று எண்ணுகிறேன். தருமரின் நாயும் இதுவும் ஒன்றையொன்று அடையாளம் கண்டுகொள்ளும்.

பொய்கைக் கதையின் இறுதிப் பகுதிக்கு வருகிறேன். இயக்கனின் எல்லாக் கேள்விகளுக்கும் தருமர் விடை சொல்லிவிட்டார். தம்பியரில் ஒருவனை மட்டும் எழுப்புகிறேன், யார் வேண்டும் என்றான் அவன். வரப்போகும் போருக்கு வீமன் தேவை, அருச்சுனன் தேவை. தருமர் மாத்திரியின் பிள்ளையைக் கேட்டார். குந்திக்கு நான் ஒருவன் உயிரோடு இருக்கிறேன், மாத்திரிக்கும் ஒரு பிள்ளை வேண்டும் என்றார். அதுவரை கேட்ட கேள்விகளெல்லாம் அறிவுக்கு வைத்தவை. இந்த ஒன்றுதான் ஆளத் தகுதி உள்ளவனா என்று பார்த்தது. பலமுள்ளவனை முதலில் எழுப்பாமல் ஆதரவற்றவளின் பிள்ளையை முதலில் கேட்டான் என்பதற்காகவே நால்வரும் எழுந்தார்கள்.

பாலாற்றை மீட்கும் வேலையிலும் இதே வரிசைதான் வேண்டும். ஏற்றுமதி எண்ணிக்கையில் வராத, தேர்தல் மேடையில் பெயர் வராத அந்த 186 கிராமங்களின் கிணறுகள் முதலில். மண்ணைச் சோதிப்பதும், உப்பை அகற்றுவதும், இழப்பீட்டை வீடு தேடிக் கொடுப்பதும் அங்கே தொடங்க வேண்டும். இந்தக் கல்லூரியின் வேதியியல் மாணவர்கள் பருவத்துக்கு ஒருமுறை அந்தக் கிணறுகளின் நீரை எடுத்து உப்பையும் குரோமியத்தையும் அளந்து, ஊர்ப் பள்ளிச் சுவரில் தமிழில் எழுதி வைக்கலாம். அதற்கு ஆகும் செலவின் ஒரு பங்கை இந்தச் சொற்பொழிவுக்கு எனக்குத் தரும் மதிப்பூதியத்திலிருந்து எடுத்துக்கொள்ளுமாறு அறக்கட்டளையாரைக் கேட்டிருக்கிறேன், அவர்கள் இசைந்திருக்கிறார்கள்.

பாரதப் பிரசங்கியார்களிடமும் ஒன்று கேட்கிறேன். வரும் கோடையில் தருமராசா கோயில்களில் ஆரணிய பருவம் சொல்லும் பகலில், நச்சுப் பொய்கைச் சருக்கத்துக்கு வந்ததும் சற்று நிறுத்தி, ஆணையத்தின் பட்டியலில் உள்ள உங்கள் பக்கத்துக் கிராமங்களின் பெயர்களைப் படியுங்கள். படித்து முடித்ததும், யாருக்கு இன்னும் பணம் வரவில்லை என்று கூட்டத்தைப் பார்த்துக் கேளுங்கள். சொல்கிறவர்களின் பெயரை எழுதிக்கொள்ள எங்கள் மாணவர் இருவர் ஒவ்வொரு கோயிலுக்கும் வருவார்கள். அந்தத் தாள்கள் கண்காணிப்புக் குழுவுக்குப் போகும்.